நிகானோருக்கு எட்டாத ஏழாவது இடம்

இந்த வருஷம் தலையாரித் தடியைத் தொடுவதில்லை என்று நிகானோர் சபதம் எடுத்துக்கொண்டார். சான் பனூசியோ என்ற அந்த மலையூரில் வீட்டுக்கு ஒருவர் ஊருக்கு உழைத்தாக வேண்டும். குடித்து விழுந்தவனைத் தூக்கி வருவது, ஓடிப்போன கழுதையைப் பிடிப்பது எல்லாம் தலையாரி பாடு. தப்பிக்க ஒரே வழி ஊர் பேண்டில் சேர்வது. அங்கே டிராம்போன் என்ற நீளமான பித்தளை ஊதுகருவி ஒன்று சும்மா கிடந்தது. அதை இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே நான் வித்வான்," என்றார் மனைவி மக்ரினாவிடம்.

"சரிங்க. நான்?"

"திருவிழாவுக்கு வெளியூர் பேண்டு வந்தா, வாசிக்கிறவங்க வீட்ல மிச்சம் இருக்கிற ஆளுதான் அவங்களுக்கு ரொட்டி சுட்டுப் போடணும். ஊர் வழக்கம். நான் என்ன பண்ண?"

"வாசிக்கிறவங்க வீட்ல மிச்சம் இருக்கிற ஆளு," என்று மக்ரினா ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"நல்லா மனசுல வெச்சுக்க."

"வெச்சுக்கிட்டேன்."

டிராம்போனில் பொத்தான் கிடையாது, இழுப்புக் குழாய்தான். அதில் ஏழு இடம். முதலாவது முகத்தருகே, ஏழாவது கை நீட்டி முடிகிற இடத்தில்; ஆகக் கீழான அடி ஸ்வரம் அங்கேதான். கோடும் கிடையாது, காதுதான் கணக்கு. அந்தக் காது வேலையை நிகானோர் மனைவியிடம் ஒப்படைத்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வாள்.

"மூணு இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங். நாலு வெளிய போயிடுச்சு. கன்னத்தை உப்ப வெக்காதீங்க, வயித்துலேர்ந்து ஊதுங்க."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"அடுப்பு."

ஆறு வரை வண்டி ஓடியது. அதற்குமேல் கை எட்டவில்லை. ஏழாவதை எட்டிப் பிடிக்கப் போய், குழாய் கழன்று பறந்து முற்றத்து வான்கோழியின் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து அது அவரைக் கண்டாலே கூரையேறிவிடும். மக்ரினாவோ ஏணியில்லாமல் அவகாடோ பறிக்கிற உயரம். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லித்தான் அவர் ஊரெல்லாம் பெருமையடித்தார்.

"குழாயை நான் துடைச்சு வெக்கிறேன், நீங்க காட்டுக்குக் கெளம்புங்க," என்பாள் தினமும். என்ன பொறுப்பு என்று அவர் பூரித்துப்போவார்.

"தேறிட்டீங்க நிகானோர்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "காலைல அந்த அடி ஸ்வரம் வருதே, எங்க வீட்டுச் சுவரே அதிருது."

காலையில் தான் காட்டில் இருந்ததை மறந்து, நிகானோர் அடக்கமாகப் பாராட்டை வாங்கிக்கொண்டார்.

தேர்வு நாள். பேண்டு மாஸ்டர் இலாரியோன், "அந்த அடி ஸ்வரத்தைக் குடுங்க," என்றார். நிகானோர் தோளை இறக்கினார், இடுப்பை வளைத்தார், கடைசியில் நாக்கையும் நீட்டிப் பார்த்தார்.

"இது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல திண்டாடுதே," என்றார் மாஸ்டர்.

கூட வந்திருந்த மக்ரினா சாப்பாட்டுக் கூடையை இறக்கிவைத்தாள். "வீட்டுக்கு ஒருத்தர்தானே மாஸ்டர்? ஆம்பளதான்னு இல்லையே?"

"இல்லையேம்மா."

அவள் டிராம்போனை வாங்கினாள். கை ஏழாவது இடத்துக்கு நிதானமாகப் போய் நின்றது. அடி வயிற்றிலிருந்து கிளம்பிய ஸ்வரத்தில் ஜன்னல் கதவுகள் முனகின. டியூபா என்ற பெரிய ஊதுகருவியை வாசிக்கிறவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். மாஸ்டர் அங்கேயே அவளுக்கு நாற்காலி போட்டார்.

நிகானோருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் ஆயிற்று, தடியும் தொலைந்தது. ஊதாமலே வித்வான் பலன். வழியெல்லாம் சீட்டியடித்தபடி வந்தார்.

திருவிழாவும் வந்தது, மலைக்கு அந்தப் பக்கத்து பேண்டும் வந்தது. சதுக்கத்தில் மக்ரினா வாசிக்க வாசிக்க ஊர் கைதட்டிக் கொண்டாடியது. நிகானோர் வீட்டுக்கு ஒதுக்கியது இரண்டு டியூபாக்காரர்கள். இருவரும் எட்டு நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சக்கர அகலத் தவாவின் முன்னால், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வீட்டில் மிச்சம் இருந்த ஆள் மக்காச்சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த மக்ரினா, வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அந்தக் கடைசி ரொட்டி கருகுதுங்க. கையை நல்லா நீட்டுங்க, எட்டும்."