மக்காச்சோளக் கொல்லையில் கெட்டிமேளம்

எனக்கு நல்ல காது என்று ஒரு காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவன் தனக்கு நல்ல மூக்கு என்று நம்பினால் ஊருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. நல்ல காது என்று நம்புகிறவன்தான் சும்மா இருக்கமாட்டான். அடுத்தவர் வீட்டு ஸ்பீக்கர் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்குவான். பஸ்ஸில் பாட்டுப் போட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். கல்யாணமான புதிதில் நான் அந்த வகைப் பிராணியாக இருந்தேன்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டோரம் வீடு. (காதைக் குடைந்தால் பாதி சிமெண்ட் வரும். அந்தக் காதைத்தான் சொல்கிறேன்.) அங்கே உட்கார்ந்துகொண்டு எம்பி3 என்றாலே எனக்குக் குமட்டும். எம்பி3 என்பது பாட்டைச் சிறிதாக்குவதற்காக அதில் கொஞ்சம் ஒலியைக் கழித்துக் கட்டிவிடும் கஞ்சத்தனம். ஃப்ளாக் என்பது சிடியில் இருப்பதை ஒரு பொட்டும் குறையாமல் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கண்ணியம். இதை நான் டீக்கடையில், ஆபீஸில், முடிதிருத்தும் கடையில் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் விளக்கியிருக்கிறேன். ஒருநாள் என் மனைவி கலா ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டி எது ஃப்ளாக் என்று கேட்டாள். தப்பாகச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஜலதோஷம் என்று இன்றும் சாதித்து வருகிறேன்.

கலாவின் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னத்துக்குப் பக்கம். என் மாமனாருக்கு அங்கே மக்காச்சோளமும் பருத்தியும். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் நாதஸ்வர சிடிகள். திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் போகும்போதெல்லாம் வாங்கிவந்து சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைத்திருந்தார். தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு தட்டைப் போடுவார். பிளேயர்தான் வயதாகி, நடுநடுவே விக்க ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில் மாமா புதுவீடு கட்டி முடித்தார். பால் காய்ச்சக் குறித்த நாள் பெரிய முகூர்த்த நாள். சுற்றுவட்டாரத்து மேளக்காரர்கள் எல்லாரையும் கல்யாணக்காரர்கள் முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். வேறொரு வீடாக இருந்தால் மேளம் இல்லாமலே பாலைக் காய்ச்சிக் குடித்திருப்பார்கள். மாமாவுக்கு அது முடியாது. காரணம் அவருடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா. வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. பெரிய மாமா தன் வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது தெருவே அதிர மேளம் வைத்தார்; தம்பியைக் கூப்பிடவில்லை. இப்போதுதான் யாரோ பேசிப் பேசி, தம்பி வீட்டு விசேஷத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னால் பால் பொங்கும்போது கெட்டிமேளம் ஒலித்தே ஆக வேண்டும் என்பது மாமாவின் வைராக்கியம். அவரிடம் கெட்டிமேளம் தனியாகப் பதிவான ஒரு சிடி இருந்தது. பிளேயரைத்தான் நம்ப முடியவில்லை.

யாரும் கேட்காமலே நான் நடுவில் புகுந்தேன். எல்லா சிடிகளையும் ஒரு பையில் போட்டு அரியலூருக்கு எடுத்துவந்து, ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்ற ஆரம்பித்தேன். சாதாரணமாக ஏற்றினால் நான் நானாக இருக்க முடியுமா? ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் சாஃப்ட்வேர் வைத்திருந்தேன். கீறல் விழுந்த இடம் வந்தால் அது அங்கேயே நின்று முனகும். கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்டதா என்று கலா சமையல்கட்டிலிருந்து கேட்பாள். கடைசியில் பிழை இல்லை என்று பச்சை எழுத்தில் வரும். அதைப் பார்த்ததும் நானே தம் கட்டி நாதஸ்வரம் வாசித்து முடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவேன். ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றி, மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்தப் பென்டிரைவை என் லேப்டாப்பைத் தவிர வேறு எதிலும் செருகிப் பார்க்கவில்லை.

சிடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது மாமா, "தட்டெல்லாம் பழையபடி அடுக்கி வச்சிடட்டுங்களா மாப்ள?" என்றார்.

"எதுக்கு மாமா? எல்லாம் இதுக்குள்ள வந்துருச்சு. இனிமே அது வெறும் பிளாஸ்டிக். கொல்லையில கட்டி விடுங்க, கிளியாவது வராம இருக்கும்" என்று பென்டிரைவை ஆட்டிக் காட்டினேன்.

அந்த வீட்டில் மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை சாம்பாரில் பெருங்காயம் தூக்கலோ என்று சந்தேகமாகத்தான் கேட்டேன். அதோடு பெருங்காய டப்பாவே அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. மறுவாரம் போனபோது புதுவீட்டுக்குப் பின்னால் கதிர் பிடித்து நின்ற மக்காச்சோளக் கொல்லையில், குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி அத்தனை சிடிகளும் தொங்கின. மாமா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை. என்ன அருமையான யோசனை சொல்லியிருக்கிறோம் என்று என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன்.

விசேஷத்தன்று காலையில் உறவு முழுக்க வந்துவிட்டது. பெரிய மாமா நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் ஏறியது. நான் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மைக் செட்காரரிடம் பென்டிரைவை நீட்டினேன். அவர் செருகினார். ஆம்ப்ளிஃபயரின் சின்னத் திரையில் "நோ ஃபைல்" என்று ஓடியது. எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினார். (நம் நாட்டில் எல்லாக் கருவிக்கும் அதுதானே வைத்தியம்.) மறுபடியும் அதேதான்.

"சார், இதுல பாட்டே இல்லைங்குது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஃப்ளாக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பால் சூடேறிக்கொண்டிருக்கும்போது, எம்பி3யை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் பெட்டிகளின் அற்பத்தனத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு. லேப்டாப் அரியலூரில் கிடந்தது. போனில் எதையாவது தேடலாம் என்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். மைக் செட்காரரிடம் இருந்ததெல்லாம் சினிமாப் பாட்டும் தேர்தல் பாட்டும்தான். கடைசியில் அவர், தன் பெட்டியில் ஒரு பழைய சிடி பிளேயர் இருப்பதாகவும் தட்டு இருந்தால் ஓட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கொல்லைப் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குள் ஓடினேன்.

சோளம் என்னைவிட உயரம். தோகை ஒவ்வொன்றும் கையையும் கழுத்தையும் அறுத்தது. விவசாயி போட்ட முடிச்சு, சிமெண்ட் ஆபீஸ் விரலுக்கு அவிழுமா? கயிறோடு பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எது கெட்டிமேளம் என்று பார்த்தால், வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது. கிளிகளும் பயந்ததாகத் தெரியவில்லை. பல தட்டுகளின் மேல் தங்கள் அபிப்பிராயத்தை வெள்ளையாக விட்டுவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பட்டு வேட்டியில் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுப் பக்கமிருந்து டங்கு டங்கென்று சத்தம் கேட்டது.

வெளியே வந்து பார்த்தேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது. பெரிய மாமா நாற்காலியை விட்டு எழுந்து, வெற்றிலைத் தாம்பாளத்தைப் பாயில் கவிழ்த்துவிட்டு, கரண்டியால் அதை அடித்துக்கொண்டிருந்தார். வாயாலும் மேளம் கொட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். தாளம் கன்னாபின்னாவென்று இருந்தது. மாமா அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த நல்ல நேரத்தில், கழுத்து நிறைய சிடி மாலையும் தலையில் சோளப்பூவுமாகக் கொல்லையிலிருந்து நான் வெளிப்பட்டேன். வீடியோக்காரர் பாலை விட்டுவிட்டு என் பக்கம் கேமராவைத் திருப்பினார். முதலில் சிரித்தவள் கலாதான்.

சாப்பாட்டில் என்னைப் பெரிய மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, அந்தப் பென்டிரைவில் அப்படி என்னதான் இருந்தது என்று மரியாதையாக விசாரித்தார். ஒன்றுகூட விட்டுப்போகாமல் எல்லாம் இருந்தது என்று முனகினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப எல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வரலைங்க, அவ்வளவுதான்."

பந்தியே சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு, இலை குலுங்கச் சிரித்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்து ஊர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்காகவாவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ரசம்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டாலும், பசு கன்று போட நேரமானாலும், பெரிய மாமாவுக்கே மலச்சிக்கல் வந்தாலும் அந்த வாக்கியம்தான். போன மாதம் என் மகள் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போனாள். மேடையேறி வணக்கம் சொன்னவள், அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாம் உள்ளதாம்ப்பா இருந்துச்சு, வெளிய வரல" என்றாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் கலா அந்தப் பால் காய்ச்சிய வீடியோவைத் தேடி எடுத்து அவளுக்குப் போட்டுக் காட்டினாள்.