அக்கா சீருக்கு நான் தைத்த போர்வை

கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் காட்டும் முதல் பொருளை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் வீடியோ வீடியோவாகப் பார்த்து, மோட்டாரின் குணநலன்களைப் பற்றி வீட்டில் வகுப்பெடுத்து, கடைசியில் சட்னியைத் தவிர எல்லாவற்றையும் அரைக்கக்கூடிய ஒன்றை வாங்கி வருகிறவன் நான்.

அக்கா தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் பொறியியல் முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் சொல்லியிருந்தது.) மாப்பிள்ளை செந்தில், சிதம்பரம். சாதுவான மனிதர். அவர் வீட்டில் எல்லோருமே சாது, அவருடைய அத்தையைத் தவிர. அத்தை பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார். ஆனால் அண்ணன் வீட்டில் ஒரு ஸ்பூன் இடம் மாறுவதென்றாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சிதம்பரத்தில் நடந்த நிச்சயதார்த்தத்தன்று நாங்கள் வைத்த தட்டுகளை அத்தை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்த வீட்டு மூத்த மருமகளின் கதை எங்களுக்குத் தெரிந்தது. அந்த அண்ணிக்குச் சீராக வந்த பீரோவின் கதவு திறக்கும்போது கிரீச்சிடுமாம். அண்ணி வந்து, இரண்டு பிள்ளை பெற்று, தேர்வெழுதி ஆசிரியை வேலைக்கும் போய்விட்டார். உறவுக்காரர்களுக்கு அவர் இன்னும் 'கிரீச் பீரோ'தான்.

திரும்பி வரும் வழியில் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கார்த்தி, நீ என்னா வேணா பண்ணு. என் சீர்ல மட்டும் ஒரு பேச்சு வந்துடக் கூடாது. வந்துச்சுன்னா ஆயுசுக்கும் எனக்கு அதான்டா பேரு."

நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே, கட்டில் மெத்தையோடு போகவேண்டிய போர்வையை நானே தைத்துத் தருவதென்று முடிவு செய்தேன். கடைப் போர்வையில் குறை கண்டுபிடிக்கலாம், தம்பி கையால் தைத்ததில் யார் குறை சொல்வார்கள் என்பது என் கணக்கு.

சாதாரணப் போர்வை இல்லை, குயில்ட். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, மூன்றையும் சேர்த்து மேலே கொடியும் பூவுமாகத் தையல் ஓட்ட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

"கடலூர் வெயில்ல பஞ்சு வெச்சி யாருடா போத்திக்குவாங்க?"

"ஏ.சி. ரூம்மா."

"ஏ.சி.ய நிறுத்திட்டா?"

விஞ்ஞானம் வளர்ந்ததே இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தவர்களால்தான். நானும் நகர்ந்து, மிஷின் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

வீட்டிலேயே குயில்ட் தைப்பதற்கு மூன்று வகை மிஷின் விற்கிறார்கள். ஒன்று, நீளக் கை மிஷின். போர்வையைப் பெரிய சட்டத்தில் விறைப்பாகக் கட்டிவிட்டு, அதன் மேல் மிஷினை நகர்த்தித் தைப்பது. அதை எங்கள் ஹாலில் வைத்தால் நாங்கள் மூன்று பேரும் தெருவில் படுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, நேர்த்தையல் மட்டும் போடுகிற மிஷின். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஊசிக்கும் மிஷினின் உடம்புக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். பார்க்க ரைஸ் மில் சாமான் மாதிரி இருந்ததால் அதை ஒதுக்கினேன். மூன்றாவது, கம்ப்யூட்டர் மிஷின். தொடுதிரை, தானாக நூல் வெட்டும் கத்தி, எண்ண முடியாத பூ டிசைன்கள், தமிழைத் தவிர உலக எழுத்துகள் பலவும். அதைப் பார்த்ததும் மற்ற இரண்டையும் மறந்துவிட்டேன்.

கடைக்காரர் என்னைத் தடுத்திருக்கலாம். ஆனால் நான் பேசவிட்டால்தானே? அரை மணி நேரம் அவருடைய மிஷினை அவருக்கே விளக்கினேன். "உங்க அளவுக்கு யாரும் கேட்டதில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே பில் போட்டார். டியூஷன் எடுத்துச் சேர்த்திருந்த பணமெல்லாம் அதோடு போனது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இனி வாங்கப்போகிறவர்களுக்காவது உதவட்டும். பெரிய போர்வையின் நடுப்பகுதியைத் தைக்கும்போது, மீதிப் பாதியைப் பாய் போலச் சுருட்டி, ஊசிக்கு வலதுபக்கம் இருக்கும் சந்துக்குள் நுழைத்தாக வேண்டும். ஆகவே மிஷின் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அந்தச் சந்து. நான் மற்ற எல்லாவற்றையும் பார்த்திருந்தேன்.

என் மிஷினின் சந்துக்குள் ஒரு குளியல் துண்டு தாராளமாகப் போகும். டபுள் காட் போர்வை போகவில்லை. இடித்தேன், மிதித்தேன், முட்டியால் தள்ளினேன். திரை சிவந்து, பீப் பீப் என்று துக்கமாகக் கூவியது. பக்கத்து அறையில் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"நல்லா வருதாடா?"

"சூப்பரா வருது."

அன்று சாயங்காலமே போர்வையை நீளவாக்கில் இரண்டாக வெட்டினேன். பாதி பாதியாகத் தைத்து, பிறகு நடுவில் இணைத்துவிடலாம். திட்டத்தில் தவறில்லை. ஆனால் ஓரம் கட்டினால்தான் அழகு என்று ஒரு வீடியோ சொல்ல, இரண்டு பாதிக்கும் நாலு பக்கமும் சிவப்பு சாட்டின் பட்டி வைத்துத் தைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இணைக்கப் பார்த்தால், பட்டிமேல் பட்டி, பஞ்சுமேல் பஞ்சு. கைவசமிருந்த ஊசியெல்லாம் உடைந்தன. ஆக, என் கையில் இருந்தது ஒரு டபுள் போர்வை இல்லை. இரண்டு சிங்கிள் போர்வைகள். ஏதோ ஒரு வெளிநாட்டில் புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு போர்வையில்தான் தூங்குகிறார்கள் என்று இன்னொரு வீடியோ சொன்னது. மனசு உடனே சமாதானமாகிவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, கவரில் போட்டு, ரிப்பன் கட்டினேன். கட்டில், பீரோவோடு அதுவும் குட்டியானை வண்டியில் ஏறிச் சிதம்பரம் போனது.

கல்யாணம் சிதம்பரத்தில், ஒரு புதன்கிழமை, விடியற்காலை முகூர்த்தம். பொண்ணு மாப்பிள்ளை கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் நானும் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கட்டிலைத் தயார் செய்ய வேண்டும். சீர்க் கட்டிலில் ஜோடியை உட்காரவைத்து அத்தை கையால் பாலும் பழமும் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் முடித்தாக வேண்டும்.

அத்தை ரிப்பனை அவிழ்த்தார். ஒன்றை விரித்தார். அது கட்டிலில் பாதியை மூடியது. கையில் மிஞ்சியதைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"அது அக்காவுக்கு, இது மாமாவுக்கு, அத்தை" என்றேன். ஆளுக்கொரு சாக்லெட் கொடுப்பவனின் முகபாவத்தோடு சொன்னேன் என்று அம்மா பிறகு சொன்னார்.

வாசலில் நின்ற உறவுக்காரத் தலைகள் எல்லாம் உள்ளே நீண்டன.

"தாலி கட்டி முழுசா நாலு மணி நேரம் ஆவல" என்றார் அத்தை. "அதுக்குள்ள பாகம் பிரிச்சிட்டியா தம்பி?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெளிநாட்டு உதாரணம் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளையாக அதற்குள் அத்தை கட்டளை போட்டுவிட்டார்.

"கோணி ஊசி எடுத்தாங்கடி. தனித்தனிப் போர்வை மேல எங்கண்ணன் புள்ளைய நான் உக்கார வெக்க மாட்டேன்."

கட்டிலின் நடுவில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதியையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கால்மாட்டிலிருந்து தைக்க ஆரம்பித்தார். சும்மா நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். என்னால் எங்கே சும்மா நிற்க முடிகிறது? இன்னொரு ஊசியை வாங்கி, இரட்டை நூல் கோத்து, அவர் முதுகுக்குப் பின்னால் தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தேன். அன்று என் கை பறந்தது. நான் வாழ்நாளில் நேராகத் தைத்த ஒரே தையல் அதுதான்.

"வண்டி வந்துடுச்சு, ஆரத்தி எடுங்க!" என்று வாசலில் குரல் கேட்டது.

அத்தை எழுந்தார். போர்வையும் எழுந்தது. தலையணைகள் உருண்டன, பால் சொம்பு ஆடியது. அவருடைய கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையின் முந்தானை, அடியிலிருந்து ஒரு முழத்துக்கு, போர்வையின் நடுக்கோட்டோடு அழகாக இணைந்திருந்தது.

அம்மா என்னைப் பெற்றதற்காக வருந்தும் குரலில், "என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றார். யாரோ கத்திரிக்கோலோடு ஓடி வந்தார்கள்.

"பட்டு மேல கத்திரி பட்டுச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார் அத்தை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, சிம்மாசனத்தில் அமர்வது போல நிதானமாக மறுபடியும் கட்டில் நடுவிலேயே உட்கார்ந்தார். வேறு யாரோ ஆரத்தி எடுத்தார்கள். மாலையோடு அக்காவும் மாமாவும் உள்ளே வந்தார்கள். அக்கா முதலில் கட்டிலைப் பார்த்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"வாம்மா, இப்படி உக்காரு. செந்திலு, நீ அந்தாண்ட. நேரம் போவுது."

நடுவில் அத்தை. இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. அத்தை இடதுபக்கம் ஒரு வாய், வலதுபக்கம் ஒரு வாய் என்று பாலைப் புகட்டினார். போட்டோகிராபருக்கு விவரம் தெரியாது.

"அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஜோடிய மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"தள்ள முடிஞ்சா தள்ள மாட்டனா?"

மாமாவுக்குத் தோள் குலுங்கியது. பால் புரைக்கேறியது. இருமி முடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக என்னைக் கேட்டார்: "மச்சான், என்னையும் எங்கியாச்சும் சேத்துத் தச்சிருக்கியா? இல்ல, நான் எழுந்திரிக்கலாமா?"

வாசலில் ஆரம்பித்த சிரிப்பு தெருவரைக்கும் போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூருக்கு நடந்தே போய், மிஷினைத் தலையில் சுமந்து கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். மிஷினோடு இலவசமாக வந்த சின்னத் தையல் பிரிப்பான் என் பையில் இருந்தது. ஒவ்வொரு தையலாகப் பிரிக்க உட்கார்ந்தேன். அத்தைக்கு இலை அங்கேயே வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "பெரிய மிஷினு வாங்கினன்னு சொன்னாங்களே. அப்புறம் ஏன் ரெண்டா தச்ச?"

கேட்டிருக்கக் கூடாது. நீளக் கை மிஷினில் ஆரம்பித்து, சட்டம், சந்து, தொடுதிரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆராய்ச்சியை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். எழுந்து போக அவருக்கு வழியில்லை. பாயசமும் முடிந்தது, தையலும் முடிந்தது. முந்தானையை உதறிப் பார்த்தார். பட்டில் பொடிப்பொடி ஓட்டைகள் வரிசையாக நின்றன.

"தம்பி, அடுத்தவாட்டி எதாச்சும் வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. வேணாம்னு சொல்றேன்."

மிஷின் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் தலையணை உறை தைக்கிறார். அத்தை அந்தக் கத்திரிப்பூப் புடவையைத்தான் எல்லா விசேஷத்துக்கும் கட்டுகிறார். முந்தானையைத் தூக்கி ஓட்டைகளைக் காட்டிக் கதை சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்கிறது. போன கிருத்திகையன்று கேட்டபோது நான் அவருடைய ஜாக்கெட்டையும் சேர்த்துத் தைத்திருந்தேன். சிதம்பரத்தில் யாராவது என்னைப் பார்த்து "தம்பி யாரு?" என்றால், நான் வாய் திறப்பதற்குள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள்: "அத்தையத் தச்சவன்!"

அக்கா மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அவளும் தன் தோழிகளிடம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். இனிமேலாவது இந்தப் பேரைச் சொல்ல வேண்டாமென்று சிதம்பரத்துக்காரர்களிடம் சொல்லச் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"டேய், அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடுதுடா" என்றாள் ரகசியமாக. "மொத நாள்லருந்தே ஆடுது. இன்னி வரைக்கும் இங்க எவுங்களும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நீ அந்தப் பேர விட்டுடாத."