விடுபட்ட நான்கு தாள்கள்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றுப் பதினைந்தாம் பக்கம் வந்தது. தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று தீபலட்சுமி நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒட்டவில்லை. தாளே இல்லை.

கானோ நகரத்தில் தோல் வியாபாரம் செய்த ஒரு நைஜீரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை அந்த நாவல். காட்பாடியில் படிக்கும் தோழி பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரே நாளுக்கு எடுத்துக் கொடுத்தாள். தீபலட்சுமி ஆம்பூர் பஜாரில் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாவலில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலைப்பு மட்டும் அச்சிட்ட தனித் தாள் இருந்திருக்க வேண்டும். நான்கையும் காணோம்.

வியாழக்கிழமை கல்லூரிக் கருத்தரங்கில் அவள் வாசிக்க வேண்டிய கட்டுரைக்குத் துறை கொடுத்திருந்த பெயர், 'பகுதித் தலைப்புகள் நாவலின் கருப்பொருளைக் காட்டும் விதம்'. இன்று திங்கள்.

ஏழு வருடமாக அவள் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி அவளுக்கு நீட்டிப்பு கொடுக்கும். இந்த ஜூன் நீட்டிப்பு இந்தக் கட்டுரையைப் பொறுத்தது என்று ஆங்கிலத் துறைத் தலைவர் வக்கார் அகமது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். 

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

"பாய், நாலு தாளைக் காணோமே!"

கடைக்காரர் ஆபித் பாஷா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது சகீனா போட்டது மேடம். எழுத்து கம்மியா இருந்தா அந்தப் பக்கத்த உட்டுருவா. பேப்பர் வேஸ்ட்டாம்."

"அவளுக்கு ஞாபகம் இருக்கும்ல? கூப்பிடுங்க."

"அக்கா பிரசவத்துக்குப் பெங்களூரு போய்ட்டா. போனும் இல்ல அவகிட்ட. வெள்ளிக்கிழமதான் வருவா."

தோழிக்குப் போன் செய்தாள். புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருந்தது. இணையத்தில் தேடினாள். ஒரே ஒரு மதிப்புரை கிடைத்தது. 'இந்நாவலின் உயிரே அதன் நான்கு பகுதித் தலைப்புகள்தான். அவற்றை இங்கே சொல்லி வாசகரின் ருசியைக் கெடுக்க விரும்பவில்லை' என்று அது முடிந்தது. தீபலட்சுமிக்கு அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் துறைத் தலைவரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், கட்டுரைத் தலைப்பைக் கொஞ்சம் மாத்திக்கலாமா?"

"அழைப்பிதழ் அச்சாயிடுச்சேம்மா. அந்த நாவலுக்கே அந்த நாலு தலைப்புதான அழகு!"

அவளுக்கு உயிர் வந்தது. "சார் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கீங்களாவா? அந்த ரெண்டாவது தலைப்பு இருக்கே... அடடா!"

"எது சார் அது?"

வக்கார் அகமது நாற்காலியில் சாய்ந்தார். "அத நீங்கதாம்மா சொல்லணும். கட்டுரை உங்களோடது." பிறகு ஏதோ தோன்றியவராக நிமிர்ந்தார். "இவ்ளோ யோசிக்கிறீங்க. உங்கள மத்தியானத்துல போடக் கூடாது. தொடக்க விழாவிலயே வாசிச்சிடுங்க. எல்லாரும் இருப்பாங்க."

மத்தியானம் என்றால் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள், அதில் எட்டுப் பேர் தூங்குவார்கள் என்பது ஒன்றுதான் இதுவரை அவளுக்கு இருந்த ஆறுதல். அதுவும் போயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் வரை ஒரு வரிகூட எழுதவில்லை. கணவன் சதீஷ்குமார் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவன். வேலை முடிந்து வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து ஷூவைக் கழற்றாமலே நின்றான்.

"இன்னா தீபா, எவனாச்சும் செத்துட்டானா?"

சொன்னாள்.

"இவ்ளோதானா? கதைய சொல்லு."

"கொள்ளுத்தாத்தா ஆட்டுத்தோலைத் தலையில தூக்கிட்டுப் போய் வித்தவர். தாத்தா அதை ஊறவெச்சு ரயில்ல ஏத்தி அனுப்பினார். அப்பா தொழிற்சாலை கட்டினார். பிள்ளை லண்டன்ல கோட்டுப் போட்டுக்கிட்டுக் கைப்பை விக்கிறான்."

"ரா, வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்டு."

"என்னது?"

"பச்சத் தோலு ஃபினிஷ் ஆவுற வரிக்கும் நாலு ஸ்டேஜ். நாலு ஆளுக்கு நாலு. முடிஞ்சிது பேஜாரு. தோசைய ஊத்து."

அவள் தோசையை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே யோசித்தாள். இது பொய். ஆனால் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது! விடிவதற்குள் பதினெட்டுப் பக்கம் எழுதி முடித்தாள்.

வியாழக்கிழமை மேடையேறி வாசிக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். 'வெட் ப்ளூ' என்று அவள் சொன்னபோது அவர் நிமிர்ந்தார். ஒழிந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தாளிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

முடித்ததும் அவர் எழுந்தார்.

"இந்த நாவலை நான் மூணு தடவை படிச்சிருக்கேன். 'வெட் ப்ளூ'ங்கிற தலைப்பைப் பார்த்ததும் எனக்கும் இதேதான் தோணுச்சு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விழாவுக்கு உதவிய, தோல் பதனிடும் டேனரி முதலாளி ஷபீ அஹமது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வாப்பா பச்சத் தோல் தூக்கினவர்மா. ஆப்பிரிக்காவுல ஒருத்தர் நம்ம பொழப்ப அப்படியே எழுதியிருக்காரே! இத புஸ்தகமா போடுங்க. ஐநூறு காப்பி. ஊர்ல எல்லா டேனரிக்கும் போவணும்."

"சார், அவசரப்பட வேணாமே..." என்றாள் தீபலட்சுமி.

"என்ன ஒரு அடக்கம்!" என்றார் வக்கார் அகமது. அங்கேயே, எல்லார் முன்னாலும், அவளுக்கு நீட்டிப்பு உறுதி என்று அறிவித்தார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. ஒரு பொய்யை நாற்பது பேர் முன்னால் வாசித்தது போதாதென்று ஐநூறு பிரதி அச்சடிக்கப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், என்றைக்காவது ஒருவன் அந்த நாவலை உண்மையிலேயே படித்துத் தொலைப்பான்.

வெள்ளிக்கிழமை, துறைத் தலைவரின் முன்னுரையோடு பென் டிரைவை எடுத்துக்கொண்டு அச்சு வேலைக்காக அதே கடைக்குப் போனாள். மெஷினுக்குப் பின்னால் சகீனா நின்றிருந்தாள்.

"சகீனா! அந்த இங்கிலீஷ் புக்ல நாலு தாளை விட்டுட்டியே, அதுல என்ன போட்டிருந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

"இருக்கே மேடம். எல்லாம் நம்ம தெருவுல இருக்கிற பேருதான். ஒரு தாள்ல அமீனா. அப்புறம் ஹாஜரா, மரியம், ஜைனப். அவ்ளோதான்."

தீபலட்சுமி பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அந்த நான்கு ஆண்களின் மனைவிகள். நாவலில் தோலை ஊறவைத்ததும் காயவைத்ததும் கைப்பை தைத்ததும் அவர்கள்தான். பதினெட்டுப் பக்கக் கட்டுரையில் ஓரிடத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

"அதை ஏன் சகீனா விட்ட?"

சகீனா மூடியைத் திறந்து அடுத்த தாளை வைத்தாள்.

"நாலு பொம்பளைங்க பேருதான மேடம். இல்லன்னா யாருக்குத் தெரியப்போவுதுன்னு உட்டுட்டேன்."