கேமரா திரும்பிய பக்கம்

"சார், மொட்டை மாடிக் கேமரா இடது பக்கமா திரும்பிக்கிட்டு நிக்குது. காத்து போல. நேரா வெச்சிடட்டா?" என்று போனில் கேட்டார் மெக்கானிக்.

"தொட்டீங்க, கொன்னுடுவேன்!" என்று அலறினார் எடிட்டர்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. குரலை இறக்கிக்கொண்டு, "இல்லண்ணே, இந்தக் கோணமும் நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எடிட்டருக்குக் கட்டடக் கம்பெனியில் வேலை. கேமரா பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும். அதையெல்லாம் ஒட்டி, கட்டடம் கிடுகிடுவென்று வளர்வது மாதிரி வீடியோ பண்ணி மாசாமாசம் இணையத்தில் போடுவார். வீட்டுக்குப் போனாலும் அதே பைத்தியம்தான். மொட்டு விரியும் வீடியோ, பனி உருகும் வீடியோ, பறக்கிற விமானமெல்லாம் ஈசல் மாதிரி மொய்க்கும் வரைபடம். சாப்பிடும்போதும் கையில் போன்.

மனைவி தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்தாள். நாலு நாள் ஆகியும் அவர் கவனிக்கவில்லை.

"மொட்டு பூக்குறதை வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறீங்க. நான் எதிர்ல நிக்கிறது தெரியல. என்னையும் யாராவது வேகமா ஓட்டிக் காட்டணும் போல!"

சொல்லிவிட்டுப் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனவள்தான். மூன்று மாசமாகப் போனைக்கூட எடுக்கவில்லை.

அக்கா இருந்த குடியிருப்பின் மொட்டை மாடியில்தான் கம்பெனி கேமரா, எதிரே எழும்பும் கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தது. அது திரும்பிய திருப்பில், பக்கத்து பிளாக்கிலிருந்த அக்கா வீட்டு பால்கனி படத்தின் மூலையில் கடுகளவு தெரிந்தது. கடுகளவில் ஒரு உருவம் துணி காயப்போட்டது. தோள் வரை முடி.

எடிட்டர் அந்த ஒரு படத்தையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாக ஓட்டவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் கொடியில் ஒரு நீலச் சட்டை. ஆம்பளைச் சட்டை.

அக்கா தனியாள். அந்த வீட்டில் ஆம்பளை வாடையே கிடையாது. சந்தேகம் எடிட்டரைப் பிடித்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சார்ட் போடுவது. நாளுக்கொரு கட்டம், சட்டை தெரிந்தால் நீலம். ஒரு வாரத்தில் சார்ட் பூராவும் நீலம் பாரித்துவிட்டது.

பக்கத்து சீட் கணக்கர் அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சார், மழைக் கணக்கா?"

"தெரிஞ்சவங்க வீட்டுக் கொடி. தினமும் ஒரே சட்டை காயுது."

"தினமுமா? மாத்துச் சட்டைகூட இல்லாத பஞ்சப் பரதேசியா இருப்பான் போல, பாவம்."

பரதேசியின் முகத்தைப் பார்க்காமல் எடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கண்ணே."

"சார், இதுக்கு மேல திருப்பினா கட்டடம் தெரியாது."

"தெரியாட்டி என்ன? அது எங்க ஓடிப்போகப் போகுது?"

முகம் தெரியவில்லை. கட்டடம்தான் பாதி காணாமல் போனது. அதைச் சரிக்கட்டப் படத்தைப் பெரிதாக்கினார். சட்டையும் சேர்ந்து பெரிதானது. சட்டையை மங்கலாக்கினார். ஏதோ விவகாரம் என்று பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் அங்கேயே போனது. வீடியோவுக்குக் கீழே கருத்துகள் குவிந்தன. 'கட்டடம் வளரவே இல்ல, சட்டை மட்டும் தவறாம காயுது.' 'யாருப்பா அந்தச் சட்டைக்காரர்?'

மேனேஜர் கூப்பிட்டார். "ஏன்யா, நாம வீடு விக்கிறோமா, ஜவுளி விக்கிறோமா? நீயே போய் அந்தக் கேமராவை நேரா வெச்சிட்டு வா. இல்லேன்னா வராதே!"

எடிட்டர் மொட்டை மாடி ஏறினார். கேமராவில் கை வைத்தார். நேராக வைத்தால் நாளையிலிருந்து அவள் தெரியமாட்டாள். கை வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் பால்கனியில் அந்தச் சட்டை, 'வாயேன் பார்க்கலாம்' என்பது போல் ஆடிக்கொண்டிருந்தது. வந்தது வரட்டும் என்று இறங்கிப் போய் அக்கா வீட்டு மணியை அடித்தார்.

"வாங்க மாப்பிள்ளை. வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"அந்தச் சட்டை யாரோடது?"

அக்கா அதைக் கொடியிலிருந்து உருவி அவர் மேலேயே போட்டாள்.

மூன்று பட்டன் நீலம், நாலாவது கறுப்பு. அவசரத்துக்கு மனைவி தைத்துக் கொடுத்த பட்டன். சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று எடிட்டர் போய்ச் சண்டை போட்ட அதே சட்டை.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

எடிட்டர் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "நல்லவேளைக்கா, அன்னிக்குக் காத்தடிச்சுது. கேமரா மட்டும் திரும்பலேன்னா..."

"காத்தாவது மண்ணாவது! மாடி ஏறிப் போய் அதைத் திருப்பிவிட்டவ உள்ளதான் நிக்கிறா. நீங்க பார்த்துட்டு வந்து சேர்றதுக்குள்ள சட்டையே வெளுத்துப்போச்சு!"