சாலோபியில் மீன் கடை இருந்த இடம்

வரைபடத்தில் தேவாலய மூலையில் நின்ற மீன் வறுவல் கடையை ரப்பரால் அழித்துவிட்டு, அதை மெதடிஸ்ட் சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஹெஸ்டர் வரைந்து முடிக்கவும் டெலிபோன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"கடையை நகர்த்திட்டியாமே," என்றார் தேவாலய மூலை வீட்டு முரியல்.

ஹெஸ்டர் மேஜையைப் பார்த்தாள். ரப்பர் துகள்களைக்கூட இன்னும் தட்டவில்லை. அதற்குள் செய்தி தேவாலய மூலை வரைக்கும் போயிருக்கிறது என்றால் அது ஒரே வழியாகத்தான் போயிருக்க முடியும். அந்த வழி இப்போது ஒரு கையில் பாலும் ஒரு கையில் பேப்பருமாக வாசல் கதவை முழங்காலால் தள்ளித் திறந்துகொண்டிருந்தது. அவள் கணவன் நெவில்.

"இல்லை முரியல், டெஸ்மண்ட் நேத்து வந்து சபைப் பக்கம்தான்னு உறுதியா சொன்னார்."

"சொல்லுவான். மூக்கு மேல கண்ணாடியை வச்சுக்கிட்டு வீடு பூரா கண்ணாடியைத் தேடறவன் அவன். நான் எங்க வீட்டுச் சுவர் மேல உட்கார்ந்து சுடச்சுட வறுவலைத் தின்னு நாக்கைப் பொசுக்கிக்கிட்டேன். நாக்கு என்னோடதா, டெஸ்மண்டோடதா?"

முரியலுடையதுதான் என்று ஹெஸ்டர் ஒப்புக்கொண்டாள். அந்த நாக்கைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

லிங்கன் நகரத்து வரலாற்றுச் சங்கம் மாவட்டத்திலுள்ள ஊர்களின் பழைய நினைவுகளையெல்லாம் திரட்டிப் புத்தகம் போடுகிறது. ஊருக்கு இரண்டு பக்கம். கையால் வரைந்த ஒரு வரைபடம், சில புகைப்படங்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் சாலோபியின் இரண்டு பக்கமும் அடுத்த ஊரான வென்பிக்குப் போய்விடும். வென்பிக்காரர்கள் தேவைக்கு மேலேயே எழுதி வைத்துக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த வேலையை யாரும் ஹெஸ்டரின் தலையில் கட்டவில்லை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கிக்கொண்டோம் என்று இந்த வாரம் முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரியாமல் இல்லை. அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் அப்பா ராணுவத்தில் இருந்தார். ஒரு வீட்டின் படிக்கட்டு எங்கே முனகும் என்று தெரிந்துகொள்வதற்குள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டியாக வேண்டும். 'ஹெஸ்டர் சின்ன வயசில் இந்த மூலையில்தான் விளையாடுவாள்' என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. கல்யாணமாகி சாலோபிக்கு வந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, தலையும் நரைத்துவிட்டது. இன்னும் அவள் 'நெவில் வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்'தான். இந்த வரைபடத்தை ஒழுங்காக வரைந்து கொடுத்துவிட்டால் ஒருநாள் யாராவது யாரிடமாவது 'அதை ஹெஸ்டரைக் கேள், அவளுக்குத் தெரியும்' என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும்.

தேவாலயம் சிக்கலில்லாமல் முடிந்தது. குளமும் அப்படியே. கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. உலகப் போர் முடிந்தபின் சில வருடங்களுக்கு ஹொரேஸ் பேஸி நடத்திய மீன் வறுவல் கடை மட்டும் உட்கார மறுத்தது.

கடை எப்படி இருந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பச்சைப் பலகையால் தரைவரைக்கும் அடைத்த சின்னக் கொட்டகை, தகரப் புகைபோக்கி, இரண்டு மரப்படி, உள்ளே வெள்ளைத் தொப்பியில் ஹொரேஸ். அதை முரியலும் டெஸ்மண்டும் அச்சடித்த மாதிரி ஒரேபோல் சொன்னார்கள். இருந்த இடத்தை மட்டும் ஊரின் இரண்டு கோடியில் வைத்தார்கள்.

அன்று மத்தியானம் ஹெஸ்டர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். கடையை இருவருக்கும் பொதுவாக, தேவாலயத்துக்கும் சபைக்கும் நடுவில் வரைந்தாள். நெவில் அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தான்.

"நடுவுல குளம்தானே இருக்கு," என்றான். "மீன் கடையைத் தண்ணிக்குள்ள வச்சிருக்கே. மீனுக்கு வசதிதான்."

அவள் அவனிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் இந்த நகைச்சுவையை அவன் ஏற்கெனவே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. சாயங்காலம் அதை பப்பில் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. சொன்னான். பப்பில் வில்ஃப் உட்கார்ந்திருந்தார். அந்த பப்பை அவருடைய அப்பா நடத்திய காலத்தில் வில்ஃப் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

மறுநாள் காலை வில்ஃப் வாசலில் நின்றார். கையில், மீன் வறுவலில் தெளிக்கிற வினிகரின் மண் ஒட்டிய பழைய பாட்டில்.

"பப்புக்குப் பின்னாடி முற்றத்துல வெங்காயம் போடத் தோண்டினப்ப கிடைச்சது," என்றார். "கடை அங்கதான் இருந்துச்சு. என் படுக்கை ஜன்னலுக்கு நேர் கீழே. எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க?"

இப்போது மூன்று பேர் ஆகிவிட்டது.

ஹெஸ்டருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக அவள் செய்ததுதான் அந்த வாரத்தின் மகா முட்டாள்தனம்: மூவரையும் தெருவுக்கே வரவழைத்து, அவரவர் சொல்லும் இடத்தில் நிற்கச் சொன்னாள். நேரில் நின்று பார்த்தால் யாராவது ஒருவருக்காவது சந்தேகம் வரும் என்று நினைத்தாள். ஒருவருக்கும் வரவில்லை. முரியல் தன் வீட்டுச் சுவரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைக் காட்டி, ஹொரேஸ் விளக்கு மாட்டிய ஆணி இது என்றார். டெஸ்மண்ட் சபைச் சுவரின் செங்கல்லில் படிந்திருந்த கருப்பு எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்து, அந்த விரலை ஹெஸ்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினார். கறை உண்மையான கறைதான். ஆணியும் உண்மையான ஆணி. வில்ஃப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி பப் முற்றத்து வாசலில் நின்றார். மூவரும் தெருவின் மூன்று மூலையிலிருந்து பேசியதால் கத்திப் பேசவேண்டியிருந்தது. பீட் கிழங்கு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் மூன்றாகப் பிரிந்துவிட்டது. பாதிரியார் தயங்கித் தயங்கி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்குப் பூ வைக்கும் முறையிலிருந்து முரியல் ஹெஸ்டரின் பெயரை எடுத்துவிட்டாராம். இதில் தன் கை எதுவும் இல்லையாம்.

"பேசாம கடையை எடுத்துடு," என்றான் நெவில். "கடையே இல்லேன்னா சண்டை எதுக்கு?"

பலவீனமான நேரத்தில் சொன்ன யோசனை என்பதால் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஹெஸ்டர் கடையை முழுவதுமாக அழித்துவிட்டு, வரைபடத்தை ஊர்க் கூடத்துப் பலகையில் குத்தி வைத்தாள்.

அவள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மூவரும் ஒன்றாக வந்தார்கள். முரியலும் டெஸ்மண்டும் ஒரே வாசற்படியில் நிற்பதை நெவில் தன் ஆயுளில் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டான். கடை இல்லாத புத்தகத்தில் தங்கள் புகைப்படங்களும் கதைகளும் வராது என்று டெஸ்மண்ட் சொன்னார். வில்ஃப் தலையாட்டினார். கொல்லன் பட்டறைப் படம் முரியலுடையது, பள்ளிக்கூடப் படம் டெஸ்மண்டுடையது, வெள்ளம் வந்த வருடத்துப் படங்கள் எல்லாம் வில்ஃபுடையவை. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குளம்.

"உன்மேல தப்பில்லை, கண்ணு," என்றார் முரியல், இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் தாங்கமுடியாமல் இருந்தது. "நீ இங்க வளரலை. ஒரு கடை இருந்த இடம் மனசுல எப்படிப் பதியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஹெஸ்டர் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். முரியல் சொன்னது உண்மை. அவளுக்கும் கடைகள் நினைவிருந்தன. ஒரு ரொட்டிக்கடையின் மணியோசை, ஒரு தையற்கடையின் நாய். ஆனால் எது எந்த ஊர் என்று தெரியாது. அவளுடைய மனதில் எல்லாக் கடைகளும் எந்தத் தெருவிலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. நாளை அவற்றோடு சாலோபியும் சேர்ந்துகொள்ளும்.

ஹொரேஸ் பேஸிக்கு ஏவிஸ் என்று ஒரு மகள் உண்டு. கடையில் மீனோடு பொரிக்க உருளைக்கிழங்கு சீவியவர் அவர்தான். முன்பே அவரைப் பற்றி ஹெஸ்டர் விசாரித்திருந்தாள். ஏவிஸ் செத்துப் போய்ப் பல காலம் ஆகிறது என்று மூவருமே சொன்னார்கள். அடக்கத்துக்குத் தானே போயிருந்ததாக முரியல் சொன்னார்; அன்று என்ன பாட்டுப் பாடினார்கள் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. இருந்தாலும், வேறு வழியில்லாமல், ஹெஸ்டர் டெலிபோன் புத்தகத்தில் இருந்த பேஸிகளை ஒவ்வொருவராக அழைத்தாள். மேபிள்தோர்ப் கடற்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏவிஸ் நலமாக இருப்பதாகவும், காதுகூட நன்றாகக் கேட்கும் என்றும் ஒரு மருமகன் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெஸ்டரே காரை ஓட்டிக்கொண்டு போய் அவரை அழைத்து வந்தாள். ஊர்க் கூடம் நிரம்பியிருந்தது. கல்யாண வீடு மாதிரி ஒரு பக்கம் தேவாலயத்து ஆட்கள், இன்னொரு பக்கம் சபை ஆட்கள். பப் ஆட்கள் பின்னால், நின்றபடி. ஏவிஸ் சிறிய உருவம், பெரிய கைப்பை. பழ ரொட்டியில் வெண்ணெய் போதாது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னார். முரியல் அவரை, ஆவியைப் பார்ப்பதுபோலக்கூட இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஹெஸ்டர் வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் முரியல் முந்திக்கொண்டார்.

"ஏவிஸ், கடை எங்க வீட்டுச் சுவர் பக்கம்தானே இருந்தது?"

"ஆமா," என்றார் ஏவிஸ். "உங்கப்பா சுவர்தான். நல்ல நிழல்."

தேவாலயப் பக்கம் கைதட்டியது. டெஸ்மண்ட் எழுந்தார்.

"அப்போ சபைக்குப் பக்கத்துல இருந்தது?"

"ஆமா, அங்கதான். உங்கம்மா உள்ளே ஆர்கன் வாசிக்கிறது கேட்கும்."

வில்ஃப் பாட்டிலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அதையும் பார்த்து ஏவிஸ் தலையாட்டினார். "பப்பு முற்றம். ஆமா."

பின்வரிசையில் யாரோ 'பாவம், வயசாயிடுச்சு' என்று முணுமுணுத்தார்கள். ஹெஸ்டருக்கும் அப்படித்தான் பட்டது. கடைசி நம்பிக்கையும் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறது. வென்பிக்காரர்களின் முகங்கள் அவள் கண்முன் வரிசையாக வந்தன. அவள் ஏவிஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் கெஞ்சலாகக் கேட்டது.

"ஏவிஸ், நாளைக்கு இது அச்சுக்குப் போகணும். என்னால ஒரே ஒரு இடத்துலதான் வரைய முடியும். உங்க கடை எந்த இடத்துல நின்னுச்சு?"

ஏவிஸ் விரல்களைத் துடைத்துக்கொண்டு, முரியலையும் டெஸ்மண்டையும் வில்ஃபையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவளிடம் திரும்பினார்.

"எங்கே நிக்க விட்டாங்க, கண்ணு? நாத்தம் தாங்கலைன்னு முரியலோட அப்பா விரட்டினாரு, டெஸ்மண்டோட அம்மா விரட்டினாங்க, வில்ஃபோட அப்பாவும் விரட்டினாரு; அதுக்குத்தானே எங்கப்பா அந்தக் கடைக்கு அடியில சக்கரம் வச்சிருந்தாரு."