தறிக்குடோனுக்குப் பக்கத்தில் ஓர் எம்.பி. அலுவலகம்

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

நான் கருமத்தம்பட்டிக்காரன். பிறந்த வீட்டின் பக்கத்துச் சுவர் தறிக்குடோன். தறி ஓடினால் தூங்குவேன், நின்றால் விழித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் புது எம்.பி. அம்மா, தொகுதி அலுவலகத்துக்கு இடம் பார்க்கச் சொன்னார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"டெல்லியில எனக்கு ரூம் குடுத்துட்டாங்க, ஆரோக்கியம். இங்கதான் சனங்க வந்து உக்கார எடமில்லீங்க. மனசு உட்டு நாலு வார்த்தை பேசறாப்பல, அமைதியாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தொடருக்குப் போய்விட்டார். பீளமேட்டில் கல்லூரி ஆசிரியையாக இருந்தவர். பின்பெஞ்சுக்கு எட்டாத குரல்.

பார்த்தேன். ஒரு முறையல்ல, மூன்று முறை! பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு வீடு, நல்ல காற்று, பெஞ்சு போட வராந்தா. வீட்டுக்காரர் என் காதருகே வந்து கத்தித்தான் பேசினார் (எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்). "மாதா கோயிலாட்டம் அமைதிங்க" என்று போனில் சத்தியம் செய்தேன்.

திறப்பு நாளன்று காரை விட்டு இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க சத்தம் இது?"

"எந்தச் சத்தமுங்க?" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்துநாலு தறி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ஆளாக ஓர் அம்மா மனுவோடு உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "கேக்கலீங்க" என்றார் எம்.பி. வந்தவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சரியாக அந்த நொடியில் கரண்ட் போனது. இருபத்துநாலு தறியும் நின்றன.

"எம்புள்ளையத் துபாய்ல பூட்டி வெச்சு அடிக்கிறானுங்க மருமகன்! பாஸ்போர்ட்டையும் புடுங்கிட்டானுங்க!"

வராந்தாவில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் ஊர்க்காரர்கள். மகள் அங்கே மகாராணி மாதிரி இருக்கிறாள் என்று அவர்களிடம்தான் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது.

எம்.பி. அம்மா என்னைத் திட்டவில்லை. "வாங்கக்கா" என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தன் காருக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வேறு இடம் கிடைக்கும்வரை அந்தக் கார்தான் எம்.பி. அலுவலகம். நான் வெயிலில் நின்று கதவு திறந்துவிடும் உதவியாளன்.

எம்.பி. அம்மா தூதரகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டதில், ஒருவழியாக அந்தப் பெண் கோவை விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அதைச் சொல்ல அவள் அம்மா எங்கள் புது அலுவலகத்துக்கு வந்தார். ஏசி போட்ட, ஊசி விழுந்தால் கேட்கும் அறை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "காருலயே உக்காந்து சொல்றனுங்களே" என்றார்.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. "கரண்டு போனாத்தான் இவருக்குக் காது கேக்கும்" என்று என் மனைவி இன்றும் சொந்தபந்தங்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். ரகசியம் பேச வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும், "காருக்குப் போலாமா?" என்பார்கள்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து வந்த மகள், பையைக்கூடக் கீழே வைக்காமல், "அப்பா, கொஞ்சம் காருக்கு வாரீங்களா?" என்றாள். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய், நான்கு கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றினேன்.