கிழக்கு அயலவர்: கடல்

என் சேவைக்காலம் முழுவதும் அரைகுறையாக நிரப்பிய படிவம் ஒன்றையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஒருகாலம் பெருமையாகச் சொன்னேன். இப்போது குற்ற ஒப்புதலாகச் சொல்கிறேன்.

சுனாமி வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. உள்ளூராட்சி அலுவலகமொன்றில் நான் தலைமை எழுதுவினைஞன். செட்டிபாளையத்துக் கடலோர வளவொன்றில் தேனீ வளர்க்க யோகேஸ்வரி என்ற பெண் விண்ணப்பித்திருந்தார். கணவரும் தோணியும் ஒரே காலையில் போயிருந்தார்கள். உதவி நிறுவனம் ஒன்று நான்கு தேனீப் பெட்டிகள் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் அனுமதி கிடைக்காவிட்டால் அவை வேறு ஊருக்குப் போய்விடும்.

விதியை வாசித்துக் காட்டினேன். பெட்டி அயல் எல்லையிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருக்கவேண்டும். நான்கு திசை அயலவரும் ஆட்சேபனை இல்லையென்று கையெழுத்திட வேண்டும். (விதியை எழுதியவருக்கு நான்கு பக்கமும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.)

புதன்கிழமை படிவத்தோடு வந்தார். மேற்கே ஒரு கையெழுத்து. தெற்கே, அகதி முகாமில் தேடிப்பிடித்து வாங்கிய கைநாட்டு. வடக்கே மரணச் சான்றிதழின் பிரதி. (இணைக்கச் சொன்னவன் நான்தான்.) கிழக்கு வெறுமையாக இருந்தது.

"இது நிரப்பல்லயே, பிள்ள?"

"கிழக்கால கடல் ஐயா. அதுக்கிட்டயும் கையெழுத்து வாங்கோணுமோ?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கூசியிருப்பார்கள். நான் ஓரத்தில் 'கள ஆய்வு' என்று குறித்தேன்.

மறுநாள் கோப்போடும் அளவு நாடாவோடும் போனேன். வாவிக்கு அப்பால், படுவான்கரையில், ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலியில்லை, எல்லைக்கல்லும் இல்லை. வடக்கு வீட்டின் அத்திவாரம் மட்டும் மிச்சம். வேலி நின்ற இடத்தை யோகேஸ்வரி மணலில் காலால் கோடிழுத்துக் காட்டி, நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையோடு நான் பெட்டியின் வாசலுக்கு நேரே குந்தினேன்.

"வாசல மறைக்காதீங்க ஐயா. அதுகள் வீட்ட வாற நேரம்."

நான் அரச கடமையில் இருப்பதைத் தேனீக்களுக்கு அறிவிக்க வழியிருக்கவில்லை. இமையில் ஒன்று, மூக்கில் இரண்டு, மற்றவை பதிவாகவில்லை. கோப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி, இடுப்பளவு கடலில் போய் நின்றேன். சுனாமிக்குப் பிறகு அந்த ஊரில் தானாகக் கடலுக்குள் ஓடிய முதல் ஆள் நான்தான் என்று பின்னர் சொன்னார்கள்.

யோகேஸ்வரி கரையில் சற்று நின்றார். பிறகு முழங்காலளவு இறங்கி என் கையைப் பிடித்து இழுத்தார். கடலின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. அன்றைக்குப் பிறகு அவரும் கடலில் கால் வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணலில் உட்கார்ந்து, வீங்காத ஒரு கண்ணால் படிவத்தை நிரப்பினேன். 'கிழக்கு அயலவர்: கடல். ஆட்சேபனை இல்லை.' எழுதியதை அவர் வாசித்தார்.

"அல வந்த அண்டைக்கும் அது நம்மளிட்ட ஒண்டும் கேக்கல்ல ஐயா."

அனுமதிக் கடிதத்தை அன்று மாலையே கொடுத்தேன். பெட்டிகள் அங்கேயே நின்றன.

கணக்காய்வில் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கு அயலவரை நேரில் சந்தித்தீரா என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். 'ஆம், இடுப்பளவுக்கு' என்று பதில் எழுதினேன். அதன் பிரதியை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். போர் முடிந்து, பிள்ளைகள் பயமில்லாமல் கடலுக்குக் குளிக்கப் போகிற இந்த நாட்களிலும், நான் துவாயை எடுத்தால் அவள் கேட்பது ஒன்றுதான்.

"எங்க, அயல்வீட்டுக்கோ?"